மீட்டர் நாற்பது காட்டியது

“பதிமூணு இஞ்ச் சக்கரத்தைக் கழட்டிட்டுப் பதினஞ்சு போட்டா வண்டி எடுப்பாத்தான் இருக்கும் சேட்டா. ஆனா முள்ளு பொய் சொல்லும். நாப்பது காட்டுறப்ப நாப்பத்தஞ்சுல போயிட்டிருப்பீங்க. பாத்து, நோக்கி ஓட்டணும், மனசிலாயோ?”

பெரிய சக்கரம் கேட்டு வருகிற எவரிடமும் மாரிச்செல்வம் இதைச் சொல்லிவிட்டுத்தான் ஜாக்கியைத் தொடுவார். மட்டாஞ்சேரிக் கடைத்தெருவின் கடைசியில், மிளகுக் கிடங்குக்கும் சாயாக்கடைக்கும் நடுவே அவருடைய டயர் கடை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் ஓடும். மீட்டர் பாவம், பழைய சக்கரம் என்று நினைத்துக்கொண்டு குறைத்தே சொல்லும். இதைப் புரியவைக்க அவர் ஒரு சாயாத் தட்டையும் ஒரு சாப்பாட்டுத் தட்டையும் மேசைமேல் உருட்டிக் காட்டுவார். கேட்கிறவன் கொட்டாவி விட்டாலும் விடமாட்டார். அப்படியொரு பிடிவாதம்.

இத்தனை தெரிந்த மனிதர்தான் அந்தக் காரியத்தைச் செய்தார்.

அவர் மனைவி பொன்மணிக்கு முதுகெலும்பில் புற்று. வாரம் ஒருநாள் மருந்து ஏற்றக் களமசேரியில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். ஆட்டோவில் அவளால் உட்கார முடியாது. வீட்டிலிருந்த பழைய சின்னக் காரின் பின்சீட்டில் இரண்டு தலையணையைப் போட்டு, படுக்கவைத்துக் கூட்டிப்போனார். மார்கழியில் தொடங்குகிற ஓதத்தில் கடல் பொங்கிக் காயல் தண்ணீர் சந்துக்குள் ஏறிவரும் என்பது மட்டாஞ்சேரியில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஒருநாள் காலை உப்புத்தண்ணீர் சைலன்சருக்குள் புகுந்து வண்டி நடுச்சந்தில் நின்றுவிட்டது. கால்மிதிக்கு மேல் தண்ணீர். உள்ளே பொன்மணி. நாலு பேர் தள்ளிக் கரையேற்றினார்கள். அன்றைய மருந்து போயிற்று.

மறுநாளே நாலு பெரிய சக்கரம் மாட்டினார். ஸ்பிரிங்குகளுக்கு நடுவே ரப்பர் கட்டை செருகினார். வண்டி இரண்டு விரல் உயர்ந்து நின்றது. அடுத்த ஓதத்தை அநாயாசமாகத் தாண்டியது. “பாத்தியாளா, படகு மாதிரி போகுது!” என்று குதித்தார்.

படகாவது ஒன்றாவது! சக்கரத்தில் கனம், ஸ்பிரிங்கில் விறைப்பு. ஒவ்வொரு குழியும் நேரே அவள் முதுகில் போய் இடித்தது.

“மெதுவாப் போங்களேன். வேகமாப் போறீய.”

“நாப்பதுதான்ளா போறேன்.”

“இல்ல, முன்ன மாதிரி இல்ல. உடம்புக்குத் தெரியுது.”

ஏழு வாரம் இதே பேச்சு. ஏழாவது வாரம் வைட்டிலா ஜங்ஷன் தாண்டும்போது அவருக்கும் பொறுமை போய்விட்டது. மீட்டர்மேல் விரலால் தட்டினார். “எந்திரிச்சுப் பாரு. நாப்பதுக்கு மேல ஒரு நூல் ஏறிருக்கா? எல்லாம் ஒம் மனசுதான். சும்மா அனத்தாத.”

அவளால் எழுந்து பார்க்க முடியாது. அதன்பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஊருக்கெல்லாம் சொன்னவர் தன் வண்டியில் மட்டும் எப்படி மறந்தார்? அவருக்கு அது சக்கரம் மாற்றிய வண்டியே இல்லை, பொன்மணியைத் தண்ணீரில் நனையாமல் கொண்டுபோகிற வண்டி, அவ்வளவுதான். போன மாசம் பள்ளுருத்தியிலிருந்து ஒரு பையன் பெரிய சக்கரம் கேட்டு வந்தான். வழக்கம்போல இரண்டு தட்டையும் உருட்டி, “முள்ளு பொய் சொல்லும் சேட்டா, நாப்பது காட்டுறப்ப...” என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். “இன்னிக்குப் பணி இல்ல, நீங்க போங்க” என்று கடையைச் சாத்தினார்.

வீட்டுக்குப் போய்க் கட்டில் ஓரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். “நீ சொன்னதுதான் சரி பொன்மணி. நாந்தான்...”

அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. “விடுங்க, மீட்டர் காட்டுனதைத்தான சொன்னீய” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பழைய சக்கரத்தை மாட்டலாமென்றால் ஓதம் இன்னும் ஓயவில்லை. தண்ணீரில் நின்றால் மருந்து போச்சு. ரப்பர் கட்டையை உருவினால் அவள் பாரத்துக்கே சக்கரம் மேல்தகட்டில் உரசுகிறது. அதனால் இப்போது முப்பதில் போகிறார். சில இடங்களில் இருபது. பின்னால் பஸ்காரன் ஹார்ன் அடித்தே கொல்கிறான். அவர் அதைக் கேட்பதில்லை. பின்சீட்டிலிருந்து ஒரு முனகலாவது வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்.

“வலிக்குதாளா?”

“இல்ல.”

“வலிச்சாச் சொல்லு. நிறுத்திருவேன்.”

“ம்.”

வலிக்காமலா இருக்கும்? அவளுடைய மூச்சு ஒவ்வொரு குழிக்கும் நின்று நின்று வருவது அவருக்குக் கேட்கிறது. இனி எவ்வளவு மெதுவாகப் போனாலும் அவள் சொல்லப்போவதில்லை என்பதும் தெரிகிறது.

வைட்டிலா தாண்டியதும் இடது கையைப் பின்னால் நீட்டி, இரண்டு சீட்டுக்கும் நடுவே உள்ளங்கையை விரித்து வைக்கிறார். வலித்தால் அவள் ஒரு விரலைப் பிடித்து அழுத்தினால் போதும். கியர் மாற்ற வேண்டியபோது கையை எடுக்கிறார். மாற்றியதும் மறுபடி பின்னால் நீட்டுகிறார், விரித்தபடியே.