தத்து ஃபிரேம்

கணினியின் வலது அம்புக்குறி விசையை அவர் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டே இருக்கிறார். ஒரு தட்டுக்குத் திரையில் ஒரு ஃபிரேம் நகர்கிறது. படியிறங்குவதற்காக மணமகள் பாதத்தைத் தூக்கியிருக்கிறாள். ஒரு தட்டு, பாதம் நூலளவு இறங்குகிறது. இன்னொரு தட்டு, இன்னும் நூலளவு. "பெத்தது" என்று முனகுகிறார். "தத்து. தத்து. தத்து. பெத்தது." பக்கத்தில் புதிதாக வந்து உட்கார்ந்தவர்கள் ஏதோ மந்திரம் ஓதுகிறார் என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள்.

மந்திரமெல்லாம் இல்லை. கேமரா நிஜமாகவே எடுத்த ஃபிரேம் பெத்தது. காட்சியை மெதுவாக ஓட்டுவதற்காக, இரண்டு நிஜ ஃபிரேம்களுக்கு நடுவில் கணினி தானே ஊகித்து வரைந்து செருகியது தத்து. இருபது வருடமாக இந்த வீடியோ எடிட்டிங் வேலைதான். சலவைக் கடைக்கு மேலே ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடிய அறை. நடுப்பகலிலும் அங்கே விளக்கு வேண்டும். கீழேயிருந்து இஸ்திரி ஆவி ஏறி வந்து, சுவர் எப்போதும் லேசாக ஈரமாக இருக்கும். தெருவுக்கே அவர் பெயர் 'நிதானம்'. பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் சலவைக்காரரே உதட்டைப் பிதுக்குவார்.

ஸ்லோ மோஷன் கேட்டு வருகிறவர்களிடம் நிதானத்தின் முதல் கேள்வி, "நொடிக்கு எத்தனை ஃபிரேம்ல எடுத்தீங்க?" என்பதுதான். நூற்றிருபது என்றால் முகம் மலரும். "தேன் மாதிரி ஓடும், போயிட்டு சாயங்காலம் வாங்க." இருபத்தைந்து என்றால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவார். "இருபத்தஞ்சுல எடுத்துட்டு ஸ்லோ கேட்டா மீதிக்கு நான் எங்க போவேன்? எங்க வீட்ல இருந்தா கொண்டு வர முடியும்?" பிறகு முணுமுணுத்தபடியே செய்தும் கொடுப்பார். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பாவாடை சுழலலாம், தண்ணீர் தெறிக்கலாம், பந்து பறக்கலாம். முகத்தில் தத்து வைக்க மாட்டார். வாடிக்கையாளர் தலைகீழாக நின்றாலும் மாட்டார்.

வேலை அவருக்குள்ளும் இறங்கிவிட்டது என்பது மனைவியின் புகார். சாப்பிட வாங்க என்று கூப்பிட்டால் ஒரு இடைவெளி விட்டுத்தான் "ம்" வரும். "உள்ள உக்காந்து ஃபிரேம் போட்டுக்கிட்டிருக்கார்" என்பாள். சாலையைக் கடக்கும்போதுகூட அவர் மனிதர்களைப் பார்க்கிற விதம் சரியில்லை. இந்தக் காலுக்கும் அடுத்த காலுக்கும் நடுவில் ஏதாவது விட்டுப்போயிற்றா என்று தேடுகிற மாதிரி இருக்கும்.

தத்து ஃபிரேம்களில் அவர் பார்த்தவற்றை மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. கணினி தடுமாறும் இடங்கள் அவை. கைகுலுக்கும் இருவர் நடுவில் யாருடையதும் அல்லாத மூன்றாவது கை. ஓடும் குழந்தையை விட்டுப் பிரிந்து, தான் பாட்டுக்கு நிற்கும் நிழல். கூட்டத்தில் இரண்டு பேர் குறுக்கே கடக்கும்போது, அந்த இருவரையும் கலந்து ஒரு புது ஆள் உருவாகி, சட்டையும் மீசையுமாக ஒரே ஒரு ஃபிரேம் நின்றுவிட்டுக் காணாமல் போவான். "பாவம், கண்ணு சிமிட்டற நேரம்தான் ஆயுசு" என்பார் நிதானம். அழிக்கும் விசையை அமுக்குமுன் அந்த ஆளிடம் "போயிட்டு வாங்க" என்று சொல்லும் வழக்கமும் உண்டு. வெறுமனே "போங்க" என்று சொல்ல வாய் வராது. நம் வாய்ப் பழக்கம் அப்படி.

போன வாரம் அவருடைய அக்கா ஒரு பென் டிரைவோடு மாடியேறி வந்தாள்.

அக்காவின் கணவர் ஒரு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை வேளையில் பையை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனவர். போனவர் போனவர்தான். போலீஸ் தேடியது, சொந்தபந்தம் தேடியது, ஒரு துப்பும் இல்லை. வாசலுக்கு மேலே மாட்டியிருந்த மலிவான கேமராவில் அவர் கேட்டைத் திறந்து வெளியேறும் காட்சி மட்டும் மிஞ்சியது. அதுவும் உருப்படியாக இல்லை. நெட் திணறும்போதெல்லாம் அந்தக் கேமரா ஃபிரேம்களை விழுங்கிவிடும். தாழ்ப்பாளில் கை வைத்தபடி பக்கவாட்டில் நிற்கிறார். அடுத்த ஃபிரேமில் தெருவில், முதுகு காட்டி. நடுவில் ஒரு நொடி அப்படியே இல்லை.

"அன்னைக்கு சண்டைடா" என்றாள் அக்கா. "நான் வாசலுக்கே வரல. சமையல்கட்டுல நின்னு பாத்திரத்தை உருட்டிக்கிட்டிருந்தேன். அவர் திரும்பிப் பார்த்தாரான்னு மட்டும் எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சு என்னக்கா பண்ணப் போற?"

"திரும்பிப் பார்த்திருந்தா கோவம் ஆறிடுச்சுன்னு அர்த்தம். கோவம் ஆறின மனுஷன் எப்படியும் வருவார். நான் அந்த வீட்லயே இருப்பேன். பார்க்கலைன்னா பொண்ணு கூப்பிடற இடத்துக்குக் கிளம்பிடறேன். இருக்கேனா, காலி பண்றேனான்னு வீட்டு ஓனர் நாளைக்குப் பதில் சொல்லச் சொல்லிட்டார்."

நிதானம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நூற்றுக்கணக்கானவர்களிடம் சொன்ன மறுப்பு அக்காவிடம் வரவில்லை. "ரெண்டு நாளா சரியா சாப்பிட்டிருக்க மாட்ட. கீழ போய் எதாவது வாங்கிச் சாப்பிட்டு வா" என்று அவளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். அந்தக் காணாமல் போன நொடியைக் குறித்துக் கொடுத்து, நாலு மடங்கு மெதுவாக்கச் சொல்லிக் கணினியை விட்டார். பச்சைப் பட்டை ஊர்ந்து முடிந்தது.

விரலால் தட்டினார். பெத்தது. தாழ்ப்பாளில் கை. தத்து. கன்னம் ஒரு நூலளவு இந்தப் பக்கம் அசைந்தது. தத்து. மூக்கின் நுனி. தத்து, தத்து. கேட்டின் கம்பி நிழல்களிலிருந்து ஒரு கண் திரண்டது, பிறகு மற்றது. மாமா திரும்பி நின்று நேராக வீட்டைப் பார்த்தார். உதடுகள் ஏதோ சொல்ல வருவதுபோல் லேசாகப் பிரிந்தன. அதற்கடுத்த ஃபிரேம்களில் இமைகள் மெல்ல மூடி, மெல்லத் திறந்தன.

முகம் வந்ததைக்கூட விளக்கிவிடலாம். பக்கவாட்டு முகம் இருக்கிறது, அதை வைத்து மீதியைக் கணினி கட்டியிருக்கும். ஆனால் கண் இமைக்கச் சொல்லி அதனிடம் யார் கேட்டார்கள்? மறுபடி ஓட்டினார். மாமா மறுபடி திரும்பினார், மறுபடி இமைத்தார். கீழே இஸ்திரிப் பெட்டி உஸ்ஸென்று ஆவி விட்டது. பயமாகத்தான் இருந்தது. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார்.

அழித்துவிடலாம். விரல் அந்த விசை வரைக்கும் போனது. அக்கா வந்து கேட்டால், மாமா திரும்பவில்லை என்று ஒரே பேச்சில் முடித்துவிடலாம். ஆனால் அதுவும் பொய். கேமரா பார்க்காத நொடியில் அவர் திரும்பியிருக்கவும் கூடும். இருக்கிறபடி காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டால், அவள் அந்த வீட்டில் ஒவ்வொரு கேட் சத்தத்துக்கும் எழுந்து எழுந்தே வயதாகிப் போவாள். அதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

ஓட்டிக் காட்டினார். அக்கா மூச்சுவிடாமல் பார்த்தாள். கன்னம், மூக்கு, கண்கள். மாமா திரும்பினார். இமைத்தார். திரையில் முகத்தை அப்படியே நிறுத்திவிட்டு நிதானம் அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"இது தத்துக்கா. பெத்தது இல்ல. அந்த நேரத்தைக் கேமரா எடுக்கவே இல்ல. அவர் திரும்பினாரா இல்லையான்னு இதை வச்சு யாராலயும் சொல்ல முடியாது. இது மிஷின் வரைஞ்ச முகம்."

அழுவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"நீ சொல்லணுமாடா" என்றாள், குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "பார்த்த உடனே தெரிஞ்சுது. கல்யாணம் ஆன நாள்லருந்து ஒரு தடவைகூட அவர் என்னை இப்படிப் பார்த்ததில்ல."

நிதானம் விசையிலிருந்து விரலை எடுத்தார்.

"நாளைக்கு சாவியைக் குடுத்துடறேன். பொண்ணுக்கு நீயே போன் போட்டுச் சொல்லிடு, எனக்குப் பேச வராது." நாற்காலியைத் திரைக்கு நேராக நகர்த்திப் போட்டுக்கொண்டாள். "இன்னொரு தடவை ஓட்டேன். முதல்லருந்து."

அவர் ஓட்டினார். தாழ்ப்பாளில் கை வைத்து மாமா நின்றார். கன்னம் மெல்ல இந்தப் பக்கம் அசையத் தொடங்கியதும், அக்கா காதோரத்து முடியை விரலால் ஒதுக்கி, சேலைத் தலைப்பைத் தோளில் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.