காயாத எல்லைக்கோடு

திருச்செங்கோட்டுச் சந்தையில் நூல் வாங்க வந்த ஜலகண்டாபுரத்துக்காரர் ஒருவர்தான் சொன்னார், நம் தெரு நெசவாளி செல்லாயி அக்கா இறந்துபோய்விட்டார் என்று. எடுத்து வைத்த கத்தரிக்காயை அங்கேயே விட்டுவிட்டு வீடு வந்தேன். அழுகை வரவில்லை. அந்த ஒன்பது நாட்கள்தான் நினைவில் பொங்கிப் பொங்கி வந்தன.

நம் தெருக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள், பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். தேசம் விடுதலை பெறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஜலகண்டாபுரத்தில் நம் நெசவுத் தெரு ஒரு சமதர்மத் தனிநாடாக இருந்தது! நூல் முதலாளி கூலியைக் குறைத்தார்; தெரு நெய்ய மறுத்தது. தறிகள் அவருடையவை. எடுத்துப்போக வண்டி வரும் என்று ஆள் விட்டார். கூட்டத்தில் அக்கா எழுந்தார். "இனிமே இது தனி நாடுங்க. தறியும் பொது, சோறும் பொது."

அப்படியானால் ராஜா யார் என்று ஒருவர் கேட்டார்.

"ராசா வேணும்னா முதலாளியே இருந்துட்டுப் போறாருங்க. அப்பறம் நாம எதுக்குப் பிரியறோம்?" என்றார் அக்கா.

பள்ளிக்கூட வாத்தியாரான என்னைக் கல்வி மந்திரி ஆக்கினார்கள். பொது அடுப்பில் களி கிண்டுவது என் இலாகா.

நாடு என்றால் எல்லை வேண்டுமே என்று வகுப்பில் சொல்வதுபோல் சொன்னேன். தெருவில் மிச்சமிருந்த நூலையெல்லாம் சேர்த்து, தறிக்கு நீட்டும் நெடுக்கு இழைகளைப்போல ஒரே பாவாகத் தெருமுனையில் குறுக்கே இழுத்துக் கட்டி, அக்கா கஞ்சி பூசினார். கஞ்சி பூசிய பாவு காயும்வரை யாரும் தாண்டக் கூடாது என்பது நெசவாளர் வழக்கம். உதாரணத்துக்கு நானே போதும்: பாவு காயக் காத்திருந்து எத்தனை நாள் மணி அடித்த பிறகு பள்ளிக்குப் போயிருக்கிறேன்! எங்கள் எல்லையை நாங்கள் காயவே விடவில்லை. வெயில் ஏற ஏறத் தண்ணீர் தெளித்தோம். முதலாளியின் வண்டி தினமும் வந்தது, நின்றது, திரும்பியது. அவரும் நெசவாளி மகன்தானே.

ஒன்பதாம் நாள் காலை அவருடைய கூண்டு வண்டி வந்தது. உள்ளே பிரசவ வலியில் மருமகள். சேலம் சாலைக்கு வண்டி போக நம் தெரு ஒன்றுதான் வழி. முதலாளி இறங்கிப் பாவின் முன் நின்றார். அறுக்கச் சொல்லவில்லை, அந்தச் சொல் அவர் வாயில் வராது. ஈரப் பாவை அவிழ்த்துச் சுருட்ட வெகுநேரம் ஆகும். அறுத்தால் நாடும் போயிற்று, கையிலிருந்த ஒரே நூலும் போயிற்று.

அக்கா அரிவாளோடு வந்தார்.

"எல்லையைப் பொறவு ஒட்டிக்கலாம் சாமி. உள்ள இருக்கற புள்ளைக்கு அவசரமுங்க."

ஒரு நெசவாளி பாவை அறுத்ததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

மறுநாள் தறி எடுக்க வண்டி வரும் என்று வாசல்களில் காத்திருந்தோம். வந்தது முதலாளி வீட்டுப் பெண்கள் நான்கு பேர். பேத்தி பிறந்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டு, அறுந்த இழைகளை எடுத்து முடிச்சுப் போட உட்கார்ந்தார்கள். நாங்களும் சேர்ந்து மூன்று நாள் போட்டோம். தறிகள் தெருவிலேயே இருந்தன. கூலி பழையபடி ஆயிற்று. நாடு கலைந்ததை யாரும் அறிவிக்கவில்லை.

அந்தப் பாவில் நெய்த துண்டு ஒன்றை அக்கா எனக்குத் தந்தார். நடுவில் குறுக்கே வரிசையாக முடிச்சுகள். இதை எழுதும்போதும் மடியில் வைத்திருக்கிறேன். விரலால் தடவினால் எங்கள் நாட்டின் எல்லை தட்டுப்படுகிறது.