பின்மூலைப் படகு

வெர்னாவுக்குக் கோடை கழிக்க வருகிறவர்களைக் கண்டால் மூக்கு நுனியில் கோபம் வரும். அவர்களுடைய படகுகளைக் கண்டால் அந்தக் கோபம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அமெரிக்காவின் மேய்ன் கரையில், ஸ்டோவர் குடாவிலிருக்கும் படகுப் பட்டறையைக் கணவன் செத்த பிறகு நடத்துவது அவள்தான். இலையுதிர் காலத்தில் படகுகளைக் கரையேற்றிக் கொட்டகையில் அடைக்க வேண்டும், பனிக்காலம் முழுக்கச் சுரண்டிச் சாயம் பூச வேண்டும், வெயில் வந்ததும் ஒவ்வொன்றாகக் கடலில் இறக்க வேண்டும். பாஸ்டனிலிருந்து வருகிற மகராசர்கள் ஏறி உல்லாசமாகப் போவார்கள். அவள் ஒரு நாளும் போனதில்லை. கோடையில் அவளுக்கு மூச்சுவிட நேரம் ஏது?

கொட்டகையை அடைப்பதற்கு ஒரு முறை உண்டு. கோடையில் முதலில் வருகிறவரின் படகு கதவருகே, கடைசியில் வருகிறவரின் படகு பின்மூலையில். பின்மூலை எப்போதும் தேயருக்குத்தான். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார், ஆகஸ்ட் பிறந்தால்தான் வருவார். அவருடைய மரப்படகைப் பற்றி அதுவரை யாரும் நினைப்பதேயில்லை.

இந்த வருஷம் மே மாதக் கடைசியில் அவர் மனைவி கோரா போன் செய்தாள்.

"வெர்னா, ஞாயித்துக்கிழமை வரோம். ஒரு நாள்தான். அவருக்குப் படகுல ஒரு தடவை போகணுமாம்."

"இந்த ஞாயிறா? உங்க படகு பின்மூலையில கிடக்கும்மா. எப்பவும் போல ஆகஸ்ட்ல வாங்களேன்."

"ஆகஸ்ட் வரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு," என்றாள் கோரா.

வெர்னா போனை வைத்துவிட்டு நேரே கொட்டகைக்குப் போனாள். ஊசி நுழைய இடமில்லாமல் படகுகள் நின்றன. கிரேன் ஓட்டும் கார்ல்டன், அவள் கணவனின் தம்பி, காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"எல்லாத்தையும் வெளிய எடு."

"கிறுக்கு புடிச்சிருக்கா அண்ணி? பாதிக்குச் சாயமே காயல. வக்கீலம்மா படகு மழையில நனைஞ்சா நம்மள உண்டு இல்லைன்னு ஆக்கிடும்."

"ஆக்கட்டும். நான் பேசிக்கிறேன்."

"சரி, எடுத்துடலாம். ஆனா தேயர் படகு காஞ்சு கிடக்கே. ஞாயித்துக்குள்ள அது தண்ணி குடிச்சு முடிக்குமா?"

அதுதான் சிக்கல். மரப்படகு கொட்டகையில் காயும்போது பலகைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்துவிடும். தண்ணீரில் இறக்கினால் முதலில் ஒழுகும். மரம் குடித்து ஊறி, இடைவெளி தானே மூடும்வரை கிரேனில் தொங்கும் பட்டையிலேயே தாங்கிப் பிடித்து வைத்திருக்க வேண்டும். யார் கெஞ்சினாலும் மரம் அவசரப்படாது.

மற்றப் படகுகளை வெளியே எடுத்து அதைத் தண்ணீரில் இறக்கியும், ஞாயிறு காலையிலும் படகு சல்லடையாக ஒழுகியது. பாய்மரம்கூட நடவில்லை. கோராவின் தோளைப் பிடித்துக்கொண்டு தேயர் வந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"மன்னிச்சுக்குங்க சார். இன்னும் குடிச்சு முடிக்கல. பட்டையை அவுத்தா முழுகிடும்," என்றாள் வெர்னா. அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

"நான் திடீர்னு வந்தா நீ என்ன பண்ணுவ?" அவர் படகையே பார்த்தார். "சும்மா உக்காரலாமா?"

"உக்காரலாம். செருப்பு நனையும்."

"நனையட்டும். இனிமே அதைக் காப்பாத்தி என்ன பண்ணப்போறேன்?"

அவளும் கார்ல்டனும் அவரைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டார்கள். அவர் சுக்கானைப் பிடித்தார். வெர்னா எதிரே உட்கார்ந்து கை பம்பால் தண்ணீரை இறைத்தாள்.

"கிளம்பலாமா?" என்றார் தேயர். "கடல்நாய்ப் பாறை வரைக்கும். பாத்திருக்கியா?"

"நான் எங்க சார் போறது? கோடை பூரா உங்க ஆளுங்க என் உசுரை எடுக்கிறாங்களே."

அவர் சிரித்தார். இருமல் வந்தது. "அப்ப வா, கூட்டிட்டுப் போறேன்."

படகு இம்மியும் நகரவில்லை. அவர் சுக்கானைத் திருப்பினார். "குடாவைத் தாண்டிட்டோம். தலையைக் குனி, பாய் இந்தப் பக்கம் வருது." வெர்னா நிஜமாகவே குனிந்தாள். மேலே கார்ல்டன் கேலி செய்ய வாயெடுத்தவன், அப்படியே மூடிக்கொண்டான்.

"அதோ பாறை. ஒரே கடல்நாய்க் கூட்டம். உன்னைத்தான் பாக்குதுங்க, புது ஆளுன்னு."

"முறைக்குதுங்களா சார்?"

"சேச்சே. வாங்கங்குது."

வெர்னா இறைத்துக்கொண்டே இருந்தாள். சற்று நேரத்தில் அவர் கை சுக்கானிலிருந்து நழுவியது.

"முடியல வெர்னா. திரும்பிப் போற வழிக்கு நீ பிடி."

அவள் பம்பைக் கீழே போட்டுவிட்டுச் சுக்கானைப் பிடித்தாள். "எந்தப் பக்கம் சார்?"

"கோரா நிக்கிற பக்கம்."

கோரா எட்டும் தூரத்தில், படித்துறையில்தான் நின்றுகொண்டிருந்தாள். வெர்னா சுக்கானைத் திருப்பியதும் கோரா கையை உயரத் தூக்கி ஆட்டினாள், வெகு தொலைவிலிருந்து வருகிற படகுக்கு ஆட்டுவது போல.