வாயில் மிஞ்சிய பாட்டு

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தபோது பஸ்ஸில்தான் இருந்தார். விருத்தாசலத்துக்கும் சேத்தியாத்தோப்புக்கும் நடுவே ஓடும் தனியார் பஸ்ஸின் டிரைவர் அவர். நல்ல வேளை, வண்டி ஸ்டாண்டில் நின்றிருந்தது. ஸ்டியரிங்கிலேயே சாய்ந்துவிட்டார் என்று கண்டக்டர் போன் செய்தபோது, நான் செராமிக் பட்டறையில் அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைகளுக்குப் பிசிறு சுரண்டிக்கொண்டிருந்தேன். களிமண் அப்பிய கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

உயிர் தப்பியது. காலும் கையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின. பேச்சு மட்டும் வரவில்லை. நாங்கள் சொல்வது அவருக்குப் புரியும். பதில் சொல்ல வாயைத் திறப்பார். "தா... தா..." என்று ஏதோ வரும். அதற்குள் கண் கலங்கிவிடும். எழுதிக் காட்டச் சொல்லலாமென்றால் எழுத்தும் போயிருந்தது. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் தலையை ஆட்டுவார். அது ஆமாமா இல்லையா என்று அவருக்கே குழம்பிப்போகும். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்தான் சொன்னாள்: "அவருக்குப் பழக்கமான பாட்டு ஏதாச்சும் போட்டுப் பாருங்க. பேச வராதவங்களுக்கும் சில சமயம் பாட்டு வரும்."

எங்கள் வீட்டில் பாட்டு என்றாலே சண்டை. மாமனாருக்குக் கறுப்பு வெள்ளைப் படத்துப் பாட்டைத் தவிர மற்றதெல்லாம் இரைச்சல். வீட்டுக்காரருக்கு அவர் ஸ்கூல் படித்த காலத்துப் பாட்டுகள். பஸ்ஸில் அதைத்தான் போடுவார். காலேஜ் பசங்கள் புதுப் பாட்டு கேட்டால், "அடுத்த வண்டில ஏறுங்கடா" என்பார். காலேஜ் போகும் எங்கள் மகளுக்கோ எந்தப் பாட்டும் அரை நிமிஷத்துக்கு மேல் தாங்காது. போனில் ஒரு துண்டு கேட்டுவிட்டு விரலால் தள்ளிவிடுவாள். எனக்கென்று பாட்டு கிடையாது. பட்டறையில் யாராவது போடுவதைக் கேட்டுக்கொண்டு வேலை பார்ப்பேன்.

இப்போது எல்லாரும் அவர் காதருகே உட்கார்ந்தோம். மாமனார் தன் காலத்துப் பாட்டுகளை நடுங்கும் குரலில் பாடினார். "இதுலதான் வார்த்தை தெளிவா இருக்கும்மா. இதைக் கேட்டாத்தான் அவனுக்கு வார்த்தை வரும்" என்றார். வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்டக்டர் பஸ்ஸிலிருந்த பென் டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தார். அதிலிருந்த பாட்டையெல்லாம் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். உதடு அசையவில்லை. வேலையிலிருந்து வந்ததும் போடுவேன், சோறு ஊட்டும்போது போடுவேன், குளிக்க வைக்கும்போது கதவுக்கு வெளியே போனை வைத்துவிட்டுப் போடுவேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "ஒரு வார்த்தையாவது சொல்லுங்களேங்க" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். மாமனார் எழுந்து வெளியே போய்விட்டார்.

பாட்டு வந்தது மகளால்தான், அதுவும் தற்செயலாக. மழையைக் கொஞ்சம் நில்லென்று கெஞ்சுகிற ஒரு பழைய பாட்டு, இவர் பஸ்ஸில் போடுவதுதான்; அதை யாரோ புது அடி சேர்த்து வேகமாக்கியிருந்தார்கள். அதைப் போனில் போட்டபடி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பல்லவி முடிந்ததும் புல்லாங்குழல் வர வேண்டிய இடத்தில் வெறும் டம் டம் என்று அடி வந்தது. கட்டிலில் இருந்தவர் கையை வீசினார். முகம் சுளித்தார். பிறகு அந்தக் குழல் வாசிப்பை வாயாலேயே இழுத்தார், "தன்னன்ன னானே" என்று. அது முடிந்த கையோடு சரணத்தின் முதல் வரி, ஒரு வார்த்தை பிசகாமல்.

மகள் துணியைப் போட்டுவிட்டு அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாமனார், தன் ஆயுசுக்கும் மதித்தறியாத அந்தப் பாட்டுக்குத் தொடையில் தாளம் போட்டார். "எந்தப் பாட்டா இருந்தா என்னம்மா. எம்புள்ள வாய் தொறந்துட்டான்."

அதன் பிறகு தினமும் பாடினார். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா, "பேச்சும் இப்புடியே வந்துடும் பாரு" என்றாள். நானும் நம்பினேன்.

ஒரு சனிக்கிழமை எனக்கு அரைநாள் வேலை. வீட்டுக்கு வந்தபோது வாசல் வரை அவர் குரல் கேட்டது. என்றைக்கும் இல்லாத சத்தம். முன்ரூமில் நாற்காலியில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார். மாமனார் எதிரே தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா தன் மருமகளையும் கூட்டி வந்திருந்தாள். பல்லவி முடியும், உடனே மறுபடி பல்லவி. "இன்னிக்கு நல்லா ஏறி வருதுடா, பாடு" என்று மாமனார் உற்சாகப்படுத்தினார். கண்டக்டருக்கு அனுப்பலாமென்று நான் போனில் வீடியோ எடுத்தேன்.

அந்த நேரத்தில் மகள் காலேஜிலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலில் அப்படியே நின்றாள்.

"அம்மா, அப்பா பாடலம்மா. கூப்புடுறாரு."

அப்போதுதான் பார்த்தேன். நெற்றியெல்லாம் வேர்வை. இடது கை அடிவயிற்றை அழுத்திக்கொண்டிருந்தது. லுங்கிக்கு மேலே தொட்டால் வயிறு கல் மாதிரி இருந்தது. "எப்பருந்து இப்புடிப் பாடுறாரு, மாமா?" என்றேன். மாமனார் தாளத்தை நிறுத்தினார். "நீ வேலைக்குப் போனதுலேருந்தும்மா" என்றார். அந்தக் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது.

ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். வழியெல்லாம் பாடினார். "அண்ணன் நல்லா பாடுறாருங்களே" என்றார் ஆட்டோக்காரர். ஆஸ்பத்திரி வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குடித்திருக்கிறார் என்று ஒருவர் சிரித்தார். மழையே நில்லு, மழையே நில்லு என்று ஒரு மனுஷன் வேர்த்துக் கொட்டிக் கத்திக்கொண்டிருந்தார். அவரிடம் வேறு வார்த்தை இல்லை. மூத்திரம் அடைத்திருக்கிறது என்றார் டாக்டர். டியூப் போட்டு வெளியே எடுத்த பிறகு பாட்டு நின்றது. என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனார்.

வீடியோவை அன்றைக்கே அழித்துவிட்டேன். மாமனார் இப்போது எந்தப் பாட்டும் கேட்பதில்லை, தன் பாட்டைக்கூட. டீக்கடையில் அந்தப் பாட்டு ஓடினால் என் கால் வீட்டுப் பக்கம் திரும்புகிறது.

வீட்டில் பாட்டு நிற்கவில்லை. பசிக்கும் அதுதான், கக்கூஸுக்கும் அதுதான், நான் வேலைக்குக் கிளம்பும்போது போகாதே என்பதற்கும் அதுதான். மகள் அந்த மெட்டிலேயே வார்த்தையை மாற்றிப் போட்டுச் சொல்லித்தருகிறாள். காலேஜ் முடிந்து வந்ததும் அவர் முன்னால் உட்கார்ந்து, "தண்ணி கொஞ்சம் தா" என்று பாடிக் காட்டுவாள். அரை நிமிஷப் பாட்டுக்காரி, ஒரே வரியை விடாமல் பாடுகிறாள். "தண்ணி" வந்துவிட்டது. சில நாள் வரும், சில நாள் வராது. "வலி" இன்னும் வரவில்லை. அந்த இடம் வந்தால் வாய் பழைய வரிக்கே போய்விடுகிறது.

"எப்பம்மா வரும்?" என்று மாமனார் கேட்கிறார். எனக்குத் தெரியாது. பயிற்சி கொடுக்கும் பெண்ணும் சொல்லமாட்டேன் என்கிறாள்.

இன்றைக்குக் காலையில் பட்டறைக்குக் கிளம்பும்போது பாட ஆரம்பித்தார். பையை இறக்கி வைத்தேன். "எங்கங்க வலிக்குது?" என்றேன். அவர் பாடினார். நெற்றியைத் தொட்டேன், பாடினார். நெஞ்சைத் தொட்டேன், பாடினார். முழங்காலைத் தொட்டேன். பாடிக்கொண்டே என்னைப் பார்த்தார்.