அக்கா வெட்டிய காட்சிகள்

என் அக்கா சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் துளைகளுக்குக் காஜா போடுகிறவள். கை எவ்வளவு நிதானமோ, அவ்வளவு பிடிவாதம். வீட்டிலிருந்த அறுபது வீடியோ கேசட்டுகளையும் உடனே கம்ப்யூட்டரில் ஏற்றியாக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். நான் லீவு போட்டுவிட்டு ஓடிவந்தேன். அவளிடம் மாட்டுவதற்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

எல்லாம் அத்தானுக்காக. இருபது வருஷம் கப்பலில் எந்திர அறையில் வேலை பார்த்தவர். ஆறு மாதத்தில் அவருடைய பார்வை முழுசாகப் போய்விடும் என்று கண் டாக்டர் அக்காவிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அவளோ, "சொட்டு மருந்து போட்டா சரியாயிடுமாம்" என்று அத்தானிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவைத்தாள். கொஞ்சமாவது தெரிகிறபோதே, அந்தக் கேசட்டுகளில் இருக்கிற, அவருக்கு உயிரான டி.வி. குடும்பத் தொடரைப் பெரிய திரையில் பார்த்துவிடட்டும் என்று அவளுக்கு ஆசை.

"அவர்கிட்ட உண்மையைச் சொல்லித் தொலைக்கா!" என்று சமையலறையில் குரலை அடக்கிக்கொண்டு கத்தினேன்.

"நீ உன் வயரைப் பாரு" என்றாள். கல்லுளிமங்கி!

பழைய வீடியோ டெக்கிலிருந்து மூன்று வயர்கள் ஒரு சின்னப் பெட்டிக்குள் போகும், அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு. இதில் குறுக்கு வழியே கிடையாது. மூன்று மணி நேரக் கேசட் ஏற மூன்று மணி நேரம்தான். திரைச்சீலையை இழுத்துவிட்டு மூவரும் உட்கார்ந்திருப்போம். நீல வெளிச்சம் சுவரெல்லாம் மெல்ல அலையும். படத்தில் பொடிப்பொடியாய்ப் புள்ளிகள் உதிரும். நான் கண்ணயர்ந்து விழித்தால் திரையில் ஒரு கல்யாணம் நடக்கும். மறுபடி விழித்தால் அதே மணப்பெண் பிள்ளையைத் தாலாட்டிக்கொண்டிருப்பாள். காலையா மாலையா என்பதே மறந்துபோகும். அந்த மயக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

இந்தக் கேசட்டுகளில் ஒரு விசேஷம் உண்டு. அத்தான் கடலில் இருந்தபோது அக்கா வாராவாரம் தொடரைப் பதிவு செய்து, கப்பல் நிற்கும் துறைமுகத்துக்குத் தபாலில் அனுப்புவாள். லீவில் வரும்போது அவர் எல்லாவற்றையும் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்துவிடுவார். பதிவாகும்போது பதிவை நிறுத்திவைக்கும் பாஸ் பொத்தானில் விரலை வைத்தபடியே உட்கார்ந்திருப்பாள். விளம்பரம் வந்தால் அழுத்துவாள். கதையில் யாராவது சாகப்போகிறார் என்றாலும் அழுத்திவிடுவாள்! தனியாகக் கிடக்கிற மனுஷனை அழவைக்கக் கூடாதாம். அதனால் எங்கள் வீட்டுக் கேசட்டுகளில் யாருமே சாவதில்லை. சிலர் சும்மா வராமல் போய்விடுவார்கள்.

இருபத்து மூன்றாவது கேசட் ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகியின் அப்பா இருமினார். படம் ஒரு துள்ளு துள்ளியது. அடுத்த காட்சியில் அவருடைய நாற்காலி காலியாக இருந்தது.

"இங்க அவர் செத்துப்போறார்" என்றார் அத்தான்.

அக்கா திடுக்கிட்டாள். "உங்களுக்கு யாரு சொன்னா?"

"கப்பல் சமையல்காரருக்கும் அவர் வீட்டுலேருந்து இதே தொடர் வரும். முழுசா. அதைப் பாத்து எல்லாரும் சேர்ந்து அழுவோம். அப்புறம் உன்னுதைப் போட்டுப் பாப்பேன். எந்தெந்த இடத்துல நீ எனக்காகப் பயந்திருக்கேன்னு தெரியும்ல?"

கேசட் அது பாட்டுக்கு ஓடியது. அத்தான் அவள் பக்கம் திரும்பி, கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டார்.

"டாக்டர் சொன்னதுல எவ்வளவு வெட்டின?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் வயர் பக்கம் குனிந்துகொண்டேன். சொல்ல வேண்டியவள் அவள்தான்.

"ஆறு மாசம்னு சொன்னார். அதுல ஒண்ணு போயிடுச்சுங்க" என்றாள்.

அத்தான் தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்போ இதை எதுக்கு நான் உட்கார்ந்து பாக்கணும்? எல்லாம் மனப்பாடம். அந்தத் திரைச்சீலையை விலக்கு. வெளிச்சத்துல வந்து உட்காரு."

அக்கா திரைச்சீலையை விலக்கிவிட்டு, அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுமே உடைந்துபோய்ப் புடவைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அத்தான் அவள் கையைப் பிடித்து இறக்கினார்.

"அழுதா அழு. முகத்தை மட்டும் மூடாத."