சாயத்தைக் குடித்த கரி

மாத்தளையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னால் ஓர் ஓடை ஓடியது. அதன் மேற்புறத்தில் பத்தீக் துணிக்குச் சாயமிடும் பட்டறை. அங்கே எந்த நிறம் தோய்க்கிறார்களோ, அன்றைக்கு ஓடைக்கும் அதே நிறம். அழுகிய முட்டை நாற்றத்தோடு நுரை மிதந்து வரும். பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் தன் கைக்குழந்தையின் துணிகளைக் கொண்டுவந்து காட்டினாள். எல்லாம் ஊதா.

"கொழாயில தண்ணி வர்றதில்லக்கா. வேற எங்க போய் அலசுறது?"

நான் ஓர் ஆய்வுகூடத்தில் இரசாயன உதவியாளராக இருந்தேன். தேங்காய்ச் சிரட்டைக்கரியை இரும்பு உப்புக் கரைசலில் ஊறவைத்து, மூடிய பாத்திரத்தில் உலையில் சுட்டுப் பொடியாக்கினேன். கரியின் நுண்துளைகள் சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும். இரும்பு கலந்திருப்பதால், காந்தத்தை வைத்துச் சாயத்தோடு பொடியையும் இழுத்துவிடலாம். பட்டறை முதலாளியின் முன் ஒரு வாளியில் செய்து காட்டினேன். ஊர்க்காரர் முறைப்பாடுகளால் சலித்துப்போயிருந்த அவர் கழிவுநீர்த் தொட்டியில் காந்தங்களைப் பொருத்திப் பொடியைப் போட உடனே சம்மதித்தார்.

பொடியை நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று போட்ட அடையாள அட்டை, கறுப்புப் பொடி, காந்தம், எல்லாம் ஒரே பையில். போர்க்காலம் அது; இராணுவச் சோதனைச் சாவடியில் பையைக் கவிழ்த்துக் கிளறுவார்கள். வெறும் கரி என்று சிங்களத்தில் சொல்லிச் சொல்லி வாய் உலர்ந்துவிடும்.

ஓடை தெளிந்தது. ஆனால் சில மாதங்களில் துவைக்கும் கல்லடியில் கறுப்புச் சேறு படியத் தொடங்கியது. தொட்டால் பசைபோல் விரலில் ஒட்டியது. காந்தத்தை நீட்டினேன், சேறு எழும்பி அதில் அப்பிக்கொண்டது. என் பொடிதான்.

பாவித்து முடித்த கரியைச் சேர்த்து வைக்கும்படியும், நான் மறுபடி சுட்டுச் சுத்தமாக்கித் தருவதாகவும் முதலாளியிடம் சொல்லியிருந்தேன். பட்டறைக்குப் போனபோது ஒரு தொழிலாளி அதை வாளி வாளியாக ஓடையில் கொட்டிக்கொண்டிருந்தார். முதலாளி கொய்யாப்பழம் தின்றபடி வந்தார்.

"தண்ணி தெளிவாத்தானே போகுது மிஸ். அது வெறும் கரிமண்ணு. யாரு கேக்கப்போறாங்க?"

"அதுக்குள்ளதான் எல்லாச் சாயமும் கிடக்குது. இந்தத் தண்ணியை உங்கட வீட்டில குடிப்பீங்களோ?"

அவர் சிரித்தார். பல்லிடுக்கில் கொய்யா விதை தெரிந்தது. அந்த முகத்தை அதற்குமேல் பார்க்கப் பிடிக்கவில்லை. நான் கொடுத்த காந்தங்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு பொடி செய்யவேயில்லை.

அடுத்த வாரமே ஓடை மஞ்சளாக வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் கோபிக்கவில்லை. நிறத்தோடு வந்தால் பார்த்தாவது ஒதுங்கிக்கொள்ளலாம் என்றாள். அந்த வருடமே அவர்கள் குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வரும் தெருவுக்கு மாறிப்போனார்கள். பட்டறை நடந்துகொண்டே இருந்தது. நாங்கள் பின்பக்க ஜன்னலைத் திறப்பதை விட்டுவிட்டோம்.