ஐம்பதக்காவின் மின்நிலையம்

அணைக்கட்டு மின்நிலையத்தில் அவரை எல்லாரும் ஐம்பதக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயதை வைத்து வந்த பெயர் அல்ல. அது ஒட்டிக்கொண்டபோது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுற்று ஓட வேண்டும். அதைக் காட்டும் முள் ஐம்பதை விட்டுத் துளி நகர்ந்தாலும் போதும், சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் எழுந்து ஓடிவிடுவார். பத்தொன்பது வருஷம் அந்தக் கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் பார்த்தவர். படிப்பு டிப்ளமோதான்.

ஆறு எங்களுடையது, மலை எங்களுடையது. ஆனால் அணையில் எடுத்த மின்சாரம் முழுவதும் பெரிய கம்பித்தடம் வழியாகத் தலைநகருக்குப் போகும். அவர்கள் தள்ளிவிடும் மிச்சம்தான் எங்களுக்குத் திரும்பி வரும். பிரிந்துபோவது என்று வாக்கெடுப்பில் முடிவானதும், தலைநகர் ஒவ்வொரு வழியாக அடைக்க ஆரம்பித்தது. டீசல் லாரிகள் எல்லையிலேயே நின்றன. வங்கிகள் பாதி நாள்தான் திறந்தன. நூற்பாலைக்கு வந்திருந்த ஆர்டர்கள் ரத்தாயின. மின்சாரத்தையும் நிறுத்தினால் மூன்றே நாளில் தானாக வழிக்கு வருவார்கள் என்று ஓர் அமைச்சர் வானொலியில் சொன்னார்.

ஐம்பதக்காவின் வீட்டிலேயே பிளவு இருந்தது. அவருடைய அண்ணன் ஐஸ் தொழிற்சாலை நடத்தினார். வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எல்லைக்கு அந்தப் பக்கம். வாக்கெடுப்பில் பிரிவினைக்கு எதிராக ஓட்டுப் போட்டதை அவர் மறைக்கவில்லை.

"கொடி ஏத்துறது ஒரு நிமிஷ வேலை. மறுநாள் காலையில என் கடைக்கு யார் வருவா, அதைச் சொல்லு" என்று தங்கையிடம் கேட்டார்.

அதில் பாதி நியாயம் இருக்கிறது என்று தெரிந்ததால்தானோ என்னவோ, அக்காவுக்கு அவ்வளவு கோபம் வந்தது. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். ஐந்து மாதம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அடுத்து, மின்நிலையத்தில் இருந்த பொறியாளர்களைத் தலைநகர் திரும்ப அழைத்துக்கொண்டது. அவர்கள் இரண்டு ஜீப்பில் இயக்கக் கையேடுகளை எல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள். இந்த இயந்திரம் ஒருநாளும் தலைநகர்க் கம்பித்தடத்தோடு சேராமல் தனியாக ஓடியதில்லை, ஓட்டிப் பார்த்தால் உடைந்துவிடும் என்று தலைமைப் பொறியாளர் போகிறபோக்கில் சொன்னார். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். ஆனால் தனியாக ஓட்டிப் பார்க்க அனுமதி வேண்டும் என்று அக்கா அவருக்கே மூன்று முறை எழுதியிருந்தார். மூன்று முறையும் 'தேவையில்லை' என்று பதில் வந்தது. அந்த மனுக்களை எழுதுவதற்காகவே எதற்குப் பின் எதைச் செய்வது என்று அவர் வரிசையாக யோசித்து வைத்திருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்குத் தலைநகர் கம்பித்தடத்தைத் துண்டித்தது. இழுத்துக்கொண்டிருந்த சுமை சட்டென்று விட்டுப்போனதால் இயந்திரம் தலைதெறிக்கச் சுழன்றது. கட்டிடமே அதிர்ந்தது. தண்ணீர்க் கதவுகள் தாமாக மூடிக்கொள்ள, எல்லாம் அடங்கியது. எங்கள் பகுதி முழுக்க ஒரு மின்விசிறிகூடச் சுற்றவில்லை. மருத்துவமனை ஜெனரேட்டரில் எட்டு மணி நேரத்துக்குத்தான் டீசல் இருந்தது.

இடைக்கால ஆட்சிக்குழுவில் மின்சாரத்தைக் கவனித்தவர் முன்னாள் பூகோள வாத்தியார். மூச்சிரைக்க வந்து, முடியுமா என்று கேட்டார்.

"முதல் தடவை தப்பாகும் சார். தப்பானா யாரும் போன் பண்ணி என்னன்னு கேக்காதீங்க. ரெண்டாவது தடவை வந்துடும்" என்றார் அக்கா.

சொன்னபடியே முதல் தடவை தப்பானது. சின்ன டீசல் எந்திரத்தை வைத்து இயந்திரத்தைக் கிளப்பி, நகரத்தின் மேற்குப் பகுதிக்கு மின்சாரம் விட்டார். ஆனால் மின்சாரம் நின்றபோது யாரும் எதையும் அணைத்து வைக்கவில்லை. விசிறி, மோட்டார், கிரைண்டர் எல்லாம் ஒரே நொடியில் பாய்ந்து இழுத்தன. முள் நாற்பத்தாறுக்குச் சரிந்தது, இயந்திரம் நின்றுவிட்டது. கிரீஸ் என்று எல்லாரும் கூப்பிடும் மெக்கானிக் கூட இருந்தார்; அவர் தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு யோசித்தார். மக்கள் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். அதோடு, இயந்திரம் ஆடாமல் ஓட, சொன்னால் கூட்டவும் சொன்னால் குறைக்கவும் முடிகிற கனமான சுமை ஒன்று வேண்டும். அது அண்ணனின் ஐஸ் தொழிற்சாலையில் இருந்தது. தொலைபேசி இணைப்பகம் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்ததால் கூப்பிட முடிந்தது.

"அண்ணே, நான்தான்."

"என்ன, உங்க நாடு அணைஞ்சுபோச்சா?"

"ஆமா. உன் கம்ப்ரசர் வேணும். நான் சொல்லும்போது ஒண்ணொண்ணாப் போடணும், சொன்னா உடனே நிறுத்தணும். இதை வேற யார்கிட்டயும் நம்பிக் குடுக்க முடியாது."

"நான் எதிரா ஓட்டுப் போட்டவன்."

"எதிராவே இரு. போனை மட்டும் வெச்சுடாத."

அண்ணன் நாற்காலியை நகர்த்தி எழுந்த சத்தம் கேட்டது. பிறகு, "மோட்டார் ரூம்ல ஒரு போன் இருக்கு. அங்க போறேன், லைன்ல இரு" என்றார்.

பேட்டரியில் ஓடிய உள்ளூர் வானொலியில் வாத்தியார் பேசினார். வீட்டுக்கு ஒரே ஒரு பல்பை மட்டும் விட்டுவிட்டு மீதி எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார். அன்று பிற்பகல் எங்கள் தெருக்களில் நடந்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆதரித்து ஓட்டளித்தவர், எதிர்த்தவர், இரண்டுக்கும் போகாதவர் என்று வித்தியாசமில்லாமல் ஆட்கள் வீடு வீடாக ஏறினார்கள். பூட்டிய கடைகளின் மெயின் சுவிட்சைத் தேடிப் பிடித்து இறக்கினார்கள்.

மூன்று மணிக்கு இரண்டாவது முயற்சி. முதலில் மருத்துவமனை. பிறகு அண்ணனின் ஒரு கம்ப்ரசர், இன்னொன்று. அப்புறம் குடிநீர் நிலையம். முள் ஐம்பதில் ஒட்டியது போல நின்றது. கிழக்குப் பகுதியைச் சேர்த்தபோது நாற்பத்தொன்பதுக்கு இறங்கியது. "ஒண்ணை நிறுத்து" என்றார் அக்கா. சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் நிறுத்தினார். முள் ஏறி வந்தது. இப்படி இரண்டு மணி நேரம், போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு பகுதியாகச் சேர்த்தார். ஐந்து மணிக்கு எங்கள் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பல்பு எரிந்தது. பகல் வெளிச்சத்திலேயே எரிந்த அந்தப் பல்பை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம். கீழே நகரத்தில் கிளம்பிய கூச்சல் மலைமேல் மின்நிலையம் வரை கேட்டதாம். கிரீஸ் அழுதார். அக்கா முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மூன்று நாள் போனது, பத்து நாள் போனது. நூற்பாலையில் ஒரு ஷிப்ட் ஓடியது. பதினோராம் நாள் சேதி தெரிந்தது: எங்கள் அணை இல்லாமல் தலைநகரின் ஆலைகளில்தான் தினம் மின்வெட்டு. அவர்களே பேச வந்தார்கள். கம்பித்தடத்தை மறுபடி இணைக்க வேண்டுமானால் டீசல் லாரிகளை விட வேண்டும், மின்சாரத்துக்கு விலை பேச வேண்டும் என்று எங்கள் குழு சொன்னது. பேச்சுவார்த்தை மேசையில் அக்காவும் உட்கார்ந்திருந்தார். உங்கள் இயந்திரம் தனியாக ஆடாமல் ஓடுமா என்று அந்தப் பக்கத்தார் கேட்டபோது, இப்போது ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு எழவில்லை. பதினான்கு மாதத்தில் நாங்கள் தனி நாடானோம்.

எல்லாம் ஒரே நாளில் சீராகிவிடவில்லை. அண்ணனுக்குப் பழைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர்தான் திரும்பினார்கள். சுங்கப் படிவங்களைத் திட்டாத நாள் இல்லை. ஆனால் அந்தத் திட்டு முழுவதையும் ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுச் சாப்பாட்டில் உட்கார்ந்துதான் திட்டுவார்.

அக்காவை மின்நிலையத் தலைவர் ஆக்கினார்கள். அவர் முதலில் கேட்டது மலைக்குப் பின்னால் ஒரு புதிய கம்பித்தடம். அணையின் தண்ணீரைத் தினமும் பார்த்தபடி, அறுபது வருஷமாக மண்ணெண்ணெய் விளக்கில் வாழ்ந்த நாற்பத்தோரு குடியிருப்புகள் அங்கே இருந்தன. இரண்டு வருஷத்தில் வேலை முடிந்தது. சுவிட்சைப் போட எங்கள் அமைச்சர் ஒருவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கிருந்த பெண்கள் ஒரே பிடியாக அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் சுவிட்சுக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவர் போட்டார். நாற்பத்தோரு இடத்திலும் வெளிச்சம் வந்தது.